5 மில்லியா, 5 மில்லிகிராமா? மருந்து அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் இதைப் படிங்க!

"பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சா சிரப் 5 குடுத்துடுங்கம்மா!"

ஆபீஸுக்குக் கிளம்புற அவசரத்துல இப்படியொரு மெசேஜை வீட்டுக்குத் தட்டிவிடுறவரா நீங்க? 5 சரி... 5 என்ன? மில்லியா, சொட்டா, ஸ்பூனா? எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லைன்னா, அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மருந்து அளவை எழுதும்போது இந்த 5 விஷயங்களை மறக்காதீங்க.

1. மில்லி வேறு, மில்லிகிராம் வேறு

மில்லி என்பது சிரப்பின் அளவு. மில்லிகிராம் என்பது அதற்குள் இருக்கும் மருந்தின் எடை. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில், 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. பாட்டில் மாறினால், அதே 5 மில்லியில் இரண்டு மடங்கு மருந்து உள்ளே போகலாம். அதனால் லேபிளில் இருக்கும் இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்க.

2. புள்ளிக்கு முன்னால் ஜீரோ வேணும், பின்னால் வேண்டாம்

'.5 மில்லி' என்று எழுதினால், புள்ளி கண்ணில் படாமல் '5 மில்லி' ஆகிடும். '0.5 மில்லி' என்பதே சரி. அதேபோல '5.0' என எழுதினால் '50' ஆகத் தெரியலாம். வெறும் '5' போதும். இரண்டு தவறுகளிலும் அளவு 10 மடங்கு எகிறிடும்.

3. நடுவில் இடம் விடுங்க

'5மில்லி' அல்ல, '5 மில்லி'. எண்ணுக்கும் அலகுக்கும் இடையில் ஓர் இடைவெளி விடணும் என்பது சர்வதேச அலகு முறையின் விதி.

4. சுருக்கி எழுதாதீங்க

'மி.கி.' என்றால் மில்லிகிராமா, மைக்ரோகிராமா? 1 மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். தைராக்ஸின் மாத்திரைகளில் 25, 50, 100 என்று இருப்பதெல்லாம் மைக்ரோகிராம் கணக்கு. இன்சுலினுக்கு 'யூனிட்' என்பதை முழுசா எழுதுங்க. 'யூ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் கையால் எழுதினால், ஜீரோ மாதிரி தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும் ஆபத்து இருக்கு. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004-லேயே இந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்தக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது.

5. ஸ்பூன் அளவு நம்பகமானது அல்ல

வீட்டுக்கு வீடு ஸ்பூன் சைஸ் மாறும். பாட்டிலோடு வரும் அளவுமூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சில் மில்லி பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்க.

அப்போ மெசேஜ் எப்படி இருக்கணும்? மருந்தின் பெயர், 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம், டாக்டர் சொன்ன மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை... இந்த நாலும் இருக்கணும். கூடவே லேபிளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டு, போன் பண்ணி அளவைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. சந்தேகம்னா டாக்டர்கிட்ட கேட்காம கொடுக்க வேண்டாம்.