ஆகஸ்ட் 10: ஒரே நாளுக்கு இரண்டு குறிப்பு



பௌர்ணமி பார்த்து நடக்கிற ஊர் திருவண்ணாமலை. கத்தோலிக்கரின் தலையாய திருநாளும் நிலவைக் கணக்கிட்டே வருகிறது என்றால் இங்கே யாருக்கும் வியப்பிருக்காது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருவதாகத் திருச்சபை கணித்து வைத்திருக்கும் முழுநிலவை அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்புப் பெருவிழா. அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் திருநீற்றுப் புதன். தவக்காலம் அன்று தொடங்குகிறது.

புனிதர்களின் விழாக்கள் பெரும்பாலும் தேதி மாறாதவை. நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டில் லூர்து மாதாவுக்குப் பிப்ரவரி 11. பிரான்சில் விறகு பொறுக்கப் போன 14 வயது ஏழைச் சிறுமி பெர்னதெத்துக்கு 1858இல் மாதா முதன்முதலாகக் காட்சி கொடுத்ததாகத் திருச்சபை கொண்டாடும் நாள் அது. இந்தப் பக்கத்தில் சம்பா அறுத்து, களத்துமேட்டில் கூலிநெல் அளக்கிற பருவம். சேரிச் சனத்தின் கையில் நாலு மரக்கால் நெல் இருக்கும்போது வருகிற திருவிழா என்பதை நாம் சாதாரணமாக எண்ணவில்லை. 1970இல் திருநீற்றுப் புதனும் அதே பிப்ரவரி 11இல் வந்தது. அப்படி மோதினால் திருநீறுதான் முந்தும், விழா நகர வேண்டும். அதற்கும் விதி இருக்கிறது.

தேர் எந்தத் தெருவில் போகலாம் என்பதற்கு உரோமை விதி எழுதவில்லை. அதை எழுதியது ஊர். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில், 2008 மார்ச் 9 அன்று போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு.

இனி ஆகஸ்ட் 10. 1950இல் அந்த நாளில்தான் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது: இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தார்கள். நமக்கு இன்றுவரை இல்லை. ஊருக்குள் பறையர், சர்க்கார் ஏட்டில் வேறு!

திருவழிபாட்டு நாள்காட்டியில் அதே நாள் புனித லாரன்ஸின் விழா. 258இல் உரோமையில் கொல்லப்பட்ட திருத்தொண்டர். திருச்சபையின் சொத்தை ஒப்படை என்று அதிகாரி கேட்டபோது, ஏழைகளைத் திரட்டிக் கொண்டுபோய் நிறுத்தி, இவர்கள்தான் சொத்து என்றார் என்பது மரபு. ஆணை போட்டவர்கள் இந்த நாள்காட்டியைப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆண்டுதோறும் அன்று நம்மவர் கருப்பு நாள் அனுசரிக்கிறார்கள். பீடத்தில் குருவானவர் மறைச்சாட்சிக்குரிய சிவப்பு உடையில் நிற்கிறார், வெளியே கருப்புக்கொடி.

நவம்பர் இரண்டாம் ஞாயிறை இந்திய ஆயர் பேரவை தலித் விடுதலை ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. உரோமை நாள்காட்டியில் அது கிடையாது. இங்குள்ள போராட்டம் வாங்கித் தந்த நாள். சேரிக்குள் தேர் வராத பங்குகளில் அந்த ஞாயிறன்று மறையுரை எதைப் பற்றி என்று நாம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.