பீருமேட்டுத் தேயிலைத் தோட்டங்களும் கூலி என்னும் அமானிதமும்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே, குமுளி மலைப்பாதைக்கு அப்பால் உள்ளது பீருமேடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் துரைமார் அங்கே தோட்டங்களை அமைத்தபோது, காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் தமிழ்ச் சமவெளியின் ஏழைகளையே கங்காணிகள் அழைத்துச் சென்றனர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீருமேடு கேரளத்தோடு சேர்ந்தது. எல்லை பிரிந்தது, உறவு பிரியவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி கூலி கொடுப்பவர் மட்டுமல்லர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவையும் நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தன. ஆகவே அங்கு ஒரு கம்பெனி மூடினால் வேலையோடு ஊரே மூடியதாகும்.

அதுவே நிகழ்ந்தது. இந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் நாடு 1991இல் சிதறியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் விலையும் சரிந்தது. 2000ஆம் ஆண்டில் பீருமேடு தேயிலைக் கம்பெனி, சீந்தலார், லோன்ட்ரீ முதலிய தன் தோட்டங்களைக் கைவிட்டது. சம்பள நிலுவையும் பணிக்கொடையும் கைக்கு வரவில்லை. ஆயினும் பலர் லயங்களை விட்டு வெளியேறவில்லை. அவர்களுக்கு வேறு வீடில்லை. நிலுவைக்கான உரிமையும் கைநழுவிவிடும் என அஞ்சினர். கூரை ஒழுகும் அறைகளில் வாழ்ந்தபடி, தேயிலைச் செடிகளைத் தமக்குள் பங்கிட்டு, கொழுந்தை விற்றுக் காலம் கழித்தனர்.

விலை வீழ்ச்சி எவருக்கும் வரலாம், நட்டம் பாவமன்று. ஆனால் உழைத்து முடித்த கூலி முதலாளியின் சொத்தன்று. அது அவரிடம் உள்ள அமானிதம். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரிப்பதை ஸஹீஹுல் புகாரியின் ஹதீஸ் குத்ஸி அறிவிக்கிறது. அந்த எச்சரிக்கையில் தொழிலாளியின் மதம் கேட்கப்படவில்லை.

இன்றும் வைகறையில் கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்கின்றன. நம்மில் தோட்டமும் கடையும் உடையோர் உளர். கூலிக்குச் செல்வோரும் உளர். முன்னவர் தொழிலாளியின் கணக்கை எழுதிவைத்து உரிய நாளில் தீர்க்கட்டும். வேலையிழந்து கடனில் மூழ்கியோரை ஜமாஅத்துகள் தேடிச் செல்லட்டும். ஜகாத்தின் எட்டுப் பிரிவினருள் கடனாளியும் ஒருவரன்றோ! பின்னவர் தம் பிள்ளைகளுக்கு வேறொரு தொழிலையும் கற்பிக்கட்டும்.

பிறர் உழைப்பின் ஹக்கைச் சுமந்தவாறு தன்னைச் சந்திக்கும் நிலையிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.