மார்கழி ராத்திரியும் வைக்கோல் படுக்கையும்

போன மார்கழியில நாலு பசங்க சென்னையிலேர்ந்து கழுவெளிக்குப் பறவை பாக்க வந்தாங்க. 2021ல சரணாலயம்னு அறிவிச்சதுக்கப்புறம் கழுத்துல கேமராவோட ஆளுங்க வர்றது இங்க சகஜமாயிடுச்சு. விடியறதுக்குள்ள பூநாரை பாக்கணுமாம். அதனால ராத்திரி என் கொல்லையில, மோட்டார் கொட்டாய் பக்கத்துல படுத்துக்கிறோம்னு கேட்டாங்க. ஆளுக்கொரு மெல்லிசு போர்வை, எல்லாருக்குமா ஒரு பிளாஸ்டிக் பாய். "குளிரும்பா"ன்னு சொன்னேன். "மரக்கானத்துல என்ன அங்கிள் குளிரு"ன்னு சிரிச்சானுங்க.

மூணு மணிக்குத் தண்ணி மாத்தி விடப் போறேன், நாலு பேரும் முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. ஒருத்தனுக்குப் பல்லு கிட்டிக்கிச்சு. போர்வை பனியில நனைஞ்சு பிழியற மாதிரி இருந்துச்சு. வைக்கோல் போர்ல நாலு கத்தை உருவி கீழ பரப்பி, மேல சாக்கு போட்டுப் படுக்கச் சொன்னேன். ஏழு மணி வரைக்கும் ஒருத்தனும் அசையல. பூநாரை அதுபாட்டுக்கு வந்துட்டுப் போயிடுச்சு.

இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு அதுல ஒரு பையன் கேட்டான். எங்க அப்பான்னு சொன்னேன். அப்பாவுக்கு யாருன்னு கேட்டான். அதுக்கு அன்னைக்குப் பதில் வரல. அதுக்கப்புறம் யோசிச்சுப் பாத்ததுதான் இது.

மார்கழி, தையில நம்ம கடற்கரையில விடியக்காலம் 20 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும். ஊட்டிக்காரன் கேட்டா சிரிப்பான். ஆனா இங்க ஆளைக் கொல்றது காத்தோட குளிர் இல்ல, ஈரம். ஒடம்புச் சூட்டைக் காத்து எடுக்கறத விட தண்ணி இருவத்தஞ்சு மடங்கு வேகமா எடுக்குமாம். நனைஞ்ச துணியோட ஈர மண்ணுல படுத்து, மேல வாடைக்காத்தும் அடிச்சா 20 டிகிரியே போதும். அதுலயும் உப்பளத்து ஈரம் தனி ஈரம். சாதாரணத் தண்ணியில நனைஞ்ச வேட்டி காத்துல காய்ஞ்சிடும். உப்புத் தண்ணியில நனைஞ்ச வேட்டி பகல்ல வெயில்ல வெறைப்பா நிக்கும், ராத்திரி பனி எறங்கினதும் காத்துல இருக்கற ஈரத்தை எல்லாம் இழுத்துத் திரும்ப நமநமன்னு ஆயிடும். சமையக்கட்டுல மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியுதே, அதே கதைதான். அளத்துல வேலை செஞ்சவனோட சட்டை ராத்திரியில காயவே காயாது.

இந்த ஊரு பழைய ஊரு. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் நம்ம மரக்கானம்தான்னு ஆராய்ச்சியாளர்கள் பல பேர் சொல்றாங்க. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பத்தி நல்லூர் நத்தத்தனார் பாடினது. அதுல வர்ற கிடங்கில் இன்னைக்குத் திண்டிவனத்துலயே இருக்கு. எங்க தமிழய்யா பள்ளிக்கூடத்துல இதைச் சொன்னப்போ நாங்க பெருமையா நெஞ்ச நிமித்திக்கிட்டோம், அவ்வளவுதான். இப்ப திரும்பப் பாக்கும்போது எனக்குக் கண்ணுல படறது நெருப்பு. கடல் அலை கொண்டு வந்து ஒதுக்கின வாசனை மரத்தை, ஒட்டகம் படுத்துத் தூங்கற மாதிரி கிடக்கற கட்டைகளை, வெறகா வச்சு எரிக்கறாங்க நெய்தல் பொம்பளைங்க. வர்ற பாணனுக்குத் தேறலும் சுட்ட மீனும் கெடைக்குமாம். இன்னைக்கும் மழைக்காலம் முடிஞ்சதும் கரையில ஒதுங்கற கட்டையை குப்பத்து ஜனங்க பொறுக்கிக்கிட்டுப் போறாங்க. வாசனை மட்டும் இல்ல.

அதே பாட்டுலதான் மயிலுக்குப் போர்வை குடுத்த பேகனும் வர்றாரு. மயிலுக்கு எதுக்குப் போர்வைன்னு எனக்கு அப்பவே சந்தேகம். எறகுல தண்ணி ஒட்டாத பறவை அது. இப்ப என் மல்லாட்டைக் கொல்லையில அதுங்க பண்ற அட்டகாசத்தைப் பாத்திருந்தா பேகன் போர்வையத் திருப்பி வாங்கியிருப்பாரு. அது கெடக்கட்டும்.

உமணருங்களும் அந்தப் பாட்டுல உண்டு. உப்பு வண்டி ஓட்டிக்கிட்டு, பொண்டாட்டி புள்ளைங்களோட ஊர் ஊராப் போனவங்க. நெல்லுக்கு உப்பு மாத்தினவங்க. அவங்க வழியில கல்லு கூட்டி அடுப்பு வச்சு, கெளம்பும்போது கல்லை அப்படியே விட்டுட்டுப் போவாங்க, பின்னால வர்றவங்க அதுல சமைப்பாங்கன்னு அகநானூறுல இருக்கு. வெட்டவெளியில ராத் தங்கறது அவங்களுக்குத் தொழிலோட சேந்தது. ராத்திரி எப்படிப் படுத்தாங்கன்னு பாட்டுல வெவரம் இல்ல. ஆனா வண்டி ஓட்டின எங்க தாத்தா வரைக்கும் ஒரே முறைதான் இருந்திருக்கணும்: வண்டிக்கு அடியில வைக்கோல், காத்து வர்ற பக்கம் மூட்டை, கால்மாட்டுல மாடு. மாட்டோட ஒடம்புச் சூடு ஒரு கணப்புச் சட்டிக்குச் சமம்னு தாத்தா சொல்வாரு.

அப்புறம் வெள்ளைக்காரன் காலம். 1805லயே சென்னை மாகாணத்துல உப்பு கம்பெனியோட ஏகபோகம் ஆயிடுச்சு. தன் ஊர் மண்ணுல வெளைஞ்ச உப்பைக் கைப்பிடி எடுத்தாலும் திருட்டு. உப்புக்குக் காவல்னு ஒரு சம்பள வேலை வந்தது இதுலதான். உப்பு இலாகா சிப்பாய்ங்க ராத்திரியில அளத்தைச் சுத்தி வந்தாங்க. தாது வருஷப் பஞ்சம், 1876-78ல, கூலி வேலையா வெட்டின துண்டும் சேந்து பக்கிங்காம் கால்வாய் ஆச்சு, அது நம்ம மரக்கானத்துல வந்து முடியுது. அதுல உப்பும் சவுக்குக் கட்டையும் ஏத்திக்கிட்டுப் படகுங்க சென்னைக்குப் போனதைப் பாத்த பெருசுங்களை எனக்குத் தெரியும். பஞ்சத்துல கால்வாய் வெட்டினவங்க கரையில எப்படிப் படுத்தாங்க, எத்தனை பேர் பசியில செத்தாங்க, எத்தனை பேர் குளிர்ல செத்தாங்கன்னு யார் பிரிச்சுப் பாத்திருப்பாங்க? பட்டினி ஒடம்பு சூடு உண்டாக்காது.

உப்புச் சரித்திரத்துல வெட்டவெளியில படுத்ததைப் பெருமையா எழுதியிருக்கறது ஒரு எடத்துலதான், 1930 வேதாரண்யம் யாத்திரை. சத்தியாகிரகிங்களுக்கு சோறோ எடமோ குடுத்தா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டாரு, ஜனங்க சோத்துப் பொட்டலத்த மரத்துல கட்டி வச்சாங்க. ஆனா அது சித்திரை மாசம். ராஜாஜி மார்கழியில கெளம்பியிருந்தா போர்வையும் கட்டி வச்சிருக்கணும்.

சுதந்திரம் வந்தது, காவல் மட்டும் போகல. உப்பளம் தை கடைசியிலேர்ந்து புரட்டாசி வரைக்கும்தான் ஓடும். ஐப்பசி மழைக்கு முன்னாடி உப்பைக் குவிச்சு மேல ஓலை வேஞ்சு வச்சிடுவாங்க. மழைக்காலம் முழுக்க அதுக்கு ஆள் காவல் இருக்கணும். எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மானாவாரி. அதுல வர்றது பத்தாம அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மொதலாளியோட உப்புக்கு மொறை வச்சுக் காவல் போனாங்க.

அப்பா படுக்கை போடறது ஒரு சடங்கு மாதிரி இருக்கும். மொதல்ல எடம். பள்ளத்துல படுக்க மாட்டாரு, பனியும் ஈரமும் அங்கதான் தங்கும். வரப்பு உச்சியிலயும் படுக்க மாட்டாரு, காத்து. வாடை வடக்கேர்ந்து அடிக்கும், அதனால குவியலுக்குத் தெக்கால. பனை ஓலையக் குறுக்கும் நெடுக்குமா போட்டு, அதும்மேல முழங்கை ஒசரம் வைக்கோல். ஒரு ஆள் படுத்தா அது நாலு விரக்கடை ஆயிடும், அதனால தாராளமா போடணும்னு சொல்வாரு. "மேல மூடறது பாதிதான்டா, கீழ போடறதுதான் குளிருக்கு." ஒரு சணல் சாக்குக்குள்ள இன்னொரு சாக்கை விட்டு நடுவுல வைக்கோல் திணிச்சு இடுப்பு வரைக்கும் கால உள்ள நுழைச்சுக்குவாரு. தலைக்கு இன்னொரு சாக்கு, மூலைய உள்ள மடக்கிக் கொங்காணி. எல்லாத்துக்கும் மேல ஒரு மண்பானை. அதுக்குள்ள ஒரு காஞ்ச வேட்டி, ஒரு துண்டு, மூடி போட்டு. வேலைத் துணியோட அவர் படுத்து நான் பாத்ததே இல்ல.

நெருப்பும் உண்டு. ஒடைஞ்ச சட்டியில வறட்டிய அடுக்கிப் பத்த வச்சா விடிய விடிய கனியும். ஆனா அது கொசுவுக்கும் பீடிக்கும்தான். முன்பக்கம் காயும்போது முதுகு வெறைச்சிக்கிட்டு இருக்கும்னு அவருக்குத் தெரியும். ஓலைக் குடிசைக்குள்ள அந்தச் சட்டியைக் கொண்டு வர விடவே மாட்டாரு. இன்னைக்குக் கொடைக்கானல் பக்கம் ரூமைச் சாத்திக்கிட்டு அடுப்புக்கரி மூட்டிட்டுத் தூங்கினவங்க எந்திரிக்கலன்னு பேப்பர்ல படிக்கும்போது அப்பா ஞாபகம்தான் வரும். அவர் மூணாவது வரைக்கும் படிச்சவரு.

சித்தப்பா வேற ரகம். நல்ல மனுஷன், அவசரக்காரரு. நான் எட்டாவது படிச்சப்போ ஒரு மார்கழியில மூணு நாள் விடாத தூறல். ராத்திரி காத்துல ஓலை பிச்சுக்கிச்சு. உப்பு கரைஞ்சா கூலியில பிடிப்பாங்கன்னு சித்தப்பா தனியா ஏறிக் கட்டியிருக்காரு, எறங்கும்போது வாய்க்கால்ல விழுந்திருக்காரு. குளிருக்குன்னு ரெண்டு கிளாஸ் சாராயம் போட்டுட்டு வரப்புலயே படுத்துட்டாரு. காலையில அப்பா மொறைக்குப் போனப்போ உயிர் இல்ல. சட்டை பத்தடி தள்ளிக் கெடந்துச்சு, வேட்டியும் அவுந்திருந்துச்சு.

ஊரே சொல்லிச்சு, முனி அடிச்சிடுச்சுன்னு. அந்தச் சட்டைதான் அத்தாட்சி. குளிர்ல எவனாவது சட்டையக் கழட்டி எறிவானா? சின்னம்மா கடைசி வரைக்கும் அந்த முனிக்குப் பொங்க வச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பா மட்டும், "முனியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஈரம் கொன்னுடுச்சு"ன்னு ஒரு தடவை சொன்னாரு. யாரும் காதுல வாங்கல.

இருவது வருஷம் கழிச்சு ஒரு பத்திரிகையில மலையேறுறவங்களைப் பத்திப் படிச்சேன். ஒடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழ போயிடுச்சுன்னா புத்தி தடுமாறுமாம். சாகப்போற நேரத்துல சில பேருக்கு ஒடம்பு எரியற மாதிரி இருந்து, துணியெல்லாம் கழட்டி எறிஞ்சிடுவாங்களாம். சாராயம் தோலுக்கு ரத்தத்தை ஏத்திச் சூடு மாதிரி காட்டும், உள்ள இருக்கற சூட்டை வெளிய விட்டுடும்னும் போட்டிருந்துச்சு. படிச்சுட்டு ரொம்ப நேரம் திண்ணையில உக்காந்திருந்தேன். அப்பா அப்ப இல்ல. சின்னம்மா இருந்துச்சு. போய்ச் சொன்னேன். "அப்ப அவரு பயந்து சாவலையா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

2004 டிசம்பர் 26ம் ஒரு மார்கழிதான். பௌர்ணமி. காலையில கடல் உள்ள வந்தது, சாயங்காலம் குப்பத்து ஜனங்க எல்லாம் மேட்டுப் பக்கம் ஓடி வந்து ரோட்டோரத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் கெடந்தாங்க. திரும்பக் கடல் வரும்னு பேச்சு, யாரும் கீழ போகத் தயாரா இல்ல. எல்லாம் கட்டின துணியோட, அதுவும் உப்புத் தண்ணியில ஊறின துணி. நல்ல மனசோட நெறைய பேர் சோறு கொண்டு வந்தாங்க. எனக்கு சித்தப்பா ஞாபகம். போன வருஷத்து வைக்கோல் ஒரு போர் இருந்துச்சு, மாட்டுக்கு வச்சது. டிராக்டர்ல ஏத்திக் கொண்டு போய் சிமெண்ட் தரையில பரப்பி விட்டேன். மாட்டுக் கொட்டாய் மாதிரி ஆக்குறியேன்னு ஒரு பெரியவர் மொதல்ல கோவிச்சுக்கிட்டாரு. அரை மணி நேரத்துல அவரே பேரப்புள்ளைய நடுவுல போட்டுத் தூங்கிட்டாரு. பழைய துணி மூட்டை மூட்டையா அதுக்கப்புறம் பல நாள் கழிச்சு வந்துச்சு, பாதி ரோட்டோரமே கெடந்து மட்கிச்சு. 2011ல தானே புயல் கரை கடந்ததும் டிசம்பர் 30, மார்கழிதான். கூரை போன வீடுகளுக்கும் வைக்கோல்தான் கேட்டாங்க. அப்பவே எங்கிட்ட பாதிப் போர்தான் இருந்துச்சு.

இப்ப அதுவும் கொறைஞ்சு போச்சு. அறுப்பு மெஷின் வந்ததிலேர்ந்து வைக்கோல் துண்டு துண்டா விழுது, அதையும் இன்னொரு மெஷின் உருட்டிக் கட்டி லாரியில ஏத்திடுது. போர் போடத் தெரிஞ்ச ஆளு எங்க ஊர்ல ரெண்டு பேர் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் எழுவதுக்கு மேல. உப்புக் குவியல் மேல ஓலைக்குப் பதிலா தார்ப்பாய். சணல் சாக்குக்குப் பதிலா பிளாஸ்டிக் சாக்கு. அது காத்தைத் தடுக்கும், ஆனா உள்ள வேர்த்து அந்த ஈரத்துலயே குளிரெடுக்கும்.

என் மச்சான் மகன் இப்ப அளத்துக் காவலுக்குப் போறான். இந்த வருஷம் ஆறு உருளை வைக்கோல் விக்காம வச்சிருக்கேன். ரெண்டு அவனுக்குன்னு சொல்லிட்டேன். பானை அவன் வீட்டுலயே இருக்கு, அவங்கம்மா அதுல புளி போட்டு வச்சிருக்காங்க.