பழைய மாணவர் பதிவேடு: வட்டுக்கோட்டையும் புதுக்கோட்டையும்

கல்லூரிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், நிறுவியவர் யார், கட்டடம் எப்பொழுது எழுந்தது, முதல்வர்கள் எந்த வரிசையில் வந்தனர் என்பவற்றையே பெரும்பாலும் முதலில் தேடுகின்றனர். பழைய மாணவர் சங்க மலர்களையும், ஆண்டுக் கூட்ட அழைப்பிதழ்களையும் அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இன்னார் இன்ன சேகரத்திற்கு மாற்றப்பட்டார், இன்னார் மகளுக்குத் திருமணம் நடந்தேறியது, இன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்னும் சிறு செய்திகள் வரலாறாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் ஒரு கல்லூரி தான் மேற்கொண்ட பணியை நிறைவேற்றியதா என்பதற்கு இவற்றைவிடச் சிறந்த சான்று வேறு உண்டா?

சான்று இருந்தால் மட்டும் போதாது. அதனை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதும் முக்கியம். அளவுகோல் குறுகியதாயின் என்ன நேரும் என்பதை, 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கல்விக்கூடத்திற்கு நேர்ந்ததைக் கொண்டு முதலில் காண்போம். பின்னர், அக்கல்விக்கூடத்தின் பழைய மாணவர் ஒருவர் நீதிபதியாக வந்து பணியாற்றிய புதுக்கோட்டையையும், அவ்வூர்க் கல்லூரியின் மாணவர் இருவரையும் நோக்குவோம்.

வட்டுக்கோட்டையின் கணக்கு

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றை நிறுவினர். டேனியல் பூவர் அதன் முதல் தலைவர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானநூல் முதலியன அங்குக் கற்பிக்கப்பட்டன. மாணவர்க்கு உதவித்தொகை அனுப்பிய அமெரிக்கக் கொடையாளர்களின் விருப்பப்படி பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கமும் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகள் ஆர்னல்ட் என்றும், ஹென்றி மார்ட்டின் என்றும், சார்ல்ஸ் வின்ஸ்லோ என்றும் அழைக்கப்பட்டது இதனாலேயே. தம் பணத்தில் படித்த பிள்ளை என்ன ஆனான் என்று அறிய அக்கொடையாளர் விரும்பியதும் இயல்பே. செமினரி அவ்வப்போது வெளியிட்ட அறிக்கைகளில், படித்து வெளியேறியோரின் பெயர்களும் அவர்கள் மேற்கொண்ட தொழில்களும் இடம்பெற்றன. தமிழ்நிலத்தில் பழைய மாணவரைக் குறித்து எழுந்த முற்காலப் பதிவேடுகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

1855இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலர் ரூபஸ் அண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்தது. ஊழியம் செய்வோரை உருவாக்குவதே மிஷன் கல்வியின் நோக்கம் என்பதும், அக்கல்வி தாய்மொழியிலேயே அமைய வேண்டும் என்பதும் அண்டர்சனின் கொள்கை. படித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்திற்கும் பிற தொழில்களுக்கும் சென்றிருந்தனர். ஆங்கிலத்தை நாடியே பிள்ளைகள் செமினரிக்கு வந்தனர் என்ற குறையும் கூறப்பட்டது. அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது.

அண்டர்சனை இங்கு எளிதில் பழித்துவிடலாகாது. சுதேச ஆயர்களின் கையில், தன்னைத்தானே தாங்கி நிற்கும் சபை உருவாக வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். மிஷனரிமாரின் மேலாட்சியிலிருந்து சபை விடுபட அக்கொள்கை வழிவகுத்தது என்பதை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் பழைய மாணவரின் கணக்கை அவர் படித்த முறையில் ஒரு குறை இருந்தது. மிஷன் ஊழியத்தில் நிற்போர் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம் என்று அக்கணக்கு பிரிக்கப்பட்டது. மறுபக்கத்தில் நின்றோர் செய்தது என்ன என்ற கேள்விக்கு அதில் போதிய இடமில்லை.

கணக்கில் அடங்காதவர்கள்

அவர்கள் செய்தவற்றுள் சிலவற்றைக் காண்போம். 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழைத் தொடக்கத்தில் நடத்தியவர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் செமினரி மாணவர்கள். பிற்காலத்தில் அதன் ஆசிரியராக நெடுங்காலம் உழைத்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலில் நானூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தளித்தார். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை; மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை.

தாமோதரம்பிள்ளையின் பெயரே ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் அவர் சார்ல்ஸ் வின்ஸ்லோ தாமோதரம்பிள்ளை. தமிழில் அவர் பெயருக்கு முன் நிற்கும் 'சி. வை.' என்பதற்குச் சிறுப்பிட்டி வைரவநாதர் என்று, ஊரும் தந்தையும் விளங்க விரிவு கூறப்படுகிறது. கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த அவர் பின்னர்ச் சைவத்திற்குத் திரும்பினார். அண்டர்சனின் கணக்கில் இது இழப்பு என்றே எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஏட்டுச்சுவடிகளைத் தேடி, பாடங்களை ஒப்பிட்டு, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவரே. செமினரியில் பெற்ற பயிற்சி இவ்வுழைப்பில் சிறிதும் பங்குபெறவில்லை என்று நாம் கூற இயலுமா?

பழைய மாணவர் தமது கல்விக்கூடத்தை மறக்கவுமில்லை. செமினரி மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணக் கிறிஸ்தவர்களும் பழைய மாணவரும் உயர்கல்வி மீண்டும் வேண்டும் என்று முயன்று, பொருள் திரட்டி, அமெரிக்க நண்பர்களின் துணையையும் பெற்றனர். அதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையிலேயே தோன்றியது. தூதுக்குழு மூடிய கதவைத் திறப்பதில் முன்னின்றவர்களுள், அக்குழுவின் கணக்கில் குறைவாக மதிக்கப்பட்ட மாணவர்களும் இருந்தனர்.

புதுக்கோட்டையில்

கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்த தாமோதரம்பிள்ளை, 1887இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நீதிபதியாக நியமிக்கப்பட்டு, 1890 வரை அங்குப் பணியாற்றினார். அவர் பதிப்பித்த சூளாமணி 1889இல் வெளிவந்தது இக்காலத்திலேயே. அப்பொழுது சமஸ்தானத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் சேஷையா சாஸ்திரி. அவரும் சென்னையில் பவல் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பயின்ற பழைய மாணவர். வேற்றூர்க் கல்விக்கூடங்களில் கற்றோர் வந்து உழைத்த அவ்வூரில், தொண்டைமான் மன்னரின் ஆதரவில் ஒரு கல்லூரியும் வளர்ந்து வந்தது. இன்று அரசினர் கல்லூரியாக நடைபெறும் மன்னர் கல்லூரியே அது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கல்லூரியில் பயின்ற இருவரை நாம் சிறப்பாகக் கருதவேண்டும். ஒருவர் 1886இல் பிறந்த முத்துலட்சுமி. அவர் தந்தை நாராயணசாமி ஐயர் அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். பெண் என்பதாலும் தாயின் குலத்தைக் காட்டியும் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தமையால் கல்லூரியின் முதல் மாணவியாக அவர் சேர்ந்தார். மூடுவண்டியில் கல்லூரிக்குச் சென்று, ஆண்களின் பார்வை படாதவாறு தனியே அமர்ந்து அவர் பாடம் கேட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மற்றவர் 1887இல் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி. அவர் புதுக்கோட்டையிலிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்று, பின்னர்ச் சட்டமும் பயின்றார்.

இருவரும் மீண்டும் சென்னைச் சட்டமன்றத்தில் சந்தித்தனர். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் அம்மன்றத்தின் துணைத்தலைவரானார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அவர் போராடினார். சமயத்தையும் மரபையும் காட்டி அம்முயற்சியை எதிர்த்தவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர். ஒரே கல்லூரியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கற்றவர்கள், நாட்டின் மனச்சாட்சியைத் தொட்ட ஒரு கேள்வியில் எதிரெதிராக நின்றனர். வழக்கத்தை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இக்கேள்வியில் நியாயம் முத்துலட்சுமியின் பக்கமே இருந்தது என்பதை இன்று மறுப்பார் அரியர். ஆயினும் விடுதலைக்காகச் சிறை சென்றவரும், 1939இல் சென்னை மேயராகிப் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு முயன்று உழைத்தவருமான சத்தியமூர்த்தியின் தொண்டு இதனால் மறைந்துபோவதில்லை. கல்லூரியின் பதிவேட்டில் இருவர் பெயரும் நிற்கவேண்டும். அவர்கள் வேறுபட்டு நின்றதும் அதில் நிற்கவேண்டும்.

இன்னொன்றையும் நோக்குக. எதிர்ப்பை வென்று அன்று ஒரு மாணவியைச் சேர்த்துக்கொண்டதன் விளைவை, தேர்ச்சிப் பட்டியலைக் கொண்டு யாரும் அளந்திருக்க முடியாது. 1930இல் அம்மாணவி தொடங்கிய ஔவை இல்லத்தில் ஆதரவற்ற பெண்கள் புகலிடம் பெற்றனர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. ஒரு சேர்க்கையின் பொருள் விளங்க அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

நம் பதிவேடுகள்

இறையியல் கல்லூரிகளில் கற்றோரும் கற்போருமாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து அறியவேண்டியது என்ன? நம் பழைய மாணவர் கூடும்போது குடும்பச் செய்திகளும் பணிமாற்றங்களும் மகிழ்வோடு பகிரப்படுகின்றன. அது நல்லதே. ஆனால் அங்கு வராதவர்கள் யார்? குருத்துவ ஊழியத்தை விட்டுப் பள்ளி ஆசிரியராகவோ, வழக்கறிஞராகவோ, தொழிற்சங்க ஊழியராகவோ சென்றவர், இடையில் படிப்பை நிறுத்தியவர், இறையியல் கற்றும் சபையில் தகுந்த பணி பெறாத பெண்கள், திருச்சபைத் தலைமையோடு முரண்பட்டு ஒதுங்கியவர் ஆகியோரின் பெயர்கள் நம் மலர்களில் அரிதாகவே காணப்படுகின்றன. ஊழியத்தில் இருப்பவர், இல்லாதவர் என்ற பிரிவினை அண்டர்சனோடு முடிந்துவிடவில்லை.

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் இறுதி அதிகாரம், உடன் உழைத்தோரைக் குறித்த இத்தகைய செய்திகளால் நிறைந்தது. கிரெஸ்கே ஓரிடம், தீத்து ஓரிடம் சென்றனர். லூக்கா மட்டும் அருகில் இருக்கிறார். விட்டுப் பிரிந்த தேமாவின் பெயரும் அங்கு மறைக்கப்படவில்லை. ஒருகாலத்தில் இடைவழியில் திரும்பிச் சென்ற மாற்குவை அழைத்து வருமாறும் அங்கேயே கூறப்படுகிறது. பதிவேடு உண்மையாக எழுதப்பட்டால், திரும்பி வருவோருக்கும் அதில் இடம் இருக்கும். தாமோதரம்பிள்ளையைப்போல் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களுடைய உழைப்பையும் நன்றியோடு குறிக்கும் அளவுக்கு நம் ஏடுகள் விரிவடைய வேண்டும்.

ஆகவே நம் கல்லூரிகள் அடுத்த பழைய மாணவர் கூட்டத்திற்கு அழைப்பு அனுப்பும் முன், பழைய சேர்க்கை ஏடுகளை எடுத்து, பல ஆண்டுகளாகச் செய்தி வராதவர்களின் பெயர்களைத் தனியே குறித்து, அவர்களுக்கு முதலில் எழுதுவது நலம். அவர்கள் அனுப்பும் மறுமொழிகள் நம் கல்லூரி வரலாற்றின் எழுதப்படாத அதிகாரமாக அமையும்.