போகிறவன் கையில் ஓர் ஏடு

ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் கீழ் ஒரு செமஸ்டர் வேறு நாட்டில் படிக்கப் போகும் மாணவர்களிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. ஊர் திரும்பும் வாரத்தில் தன் நாட்டுக் கொடியை மார்க்கர் பேனாவோடு எடுத்துக்கொண்டு விடுதியில் அறை அறையாக ஏறி இறங்கி, பழகியவர்களிடமெல்லாம் நாலு வரி எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். இதை இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்றும், இளவயதின் உணர்ச்சிப்பெருக்கு என்றும் நினைப்பது எளிது. இரண்டுமே சரியல்ல. வெளியூரில் படித்துவிட்டுக் கிளம்புகிறவன் உடனிருந்தவர்களின் கையெழுத்தைச் சுமந்துபோவது ஏறக்குறைய 480 ஆண்டுப் பழக்கம். தொடங்கிய காலத்தில் அது உணர்ச்சியை வெளிப்படுத்தும் வழியாக மட்டும் இருக்கவில்லை. விடைபெறுதலுக்கு அன்று ஒரு வேலை இருந்தது. அந்த வேலைதான் அதற்கு ஆழத்தையும் கொடுத்தது என்பது என் வாதம்.

1540களில் ஜெர்மனியின் விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான் இந்த வழக்கம் உருவானது. சமயச் சீர்திருத்தவாதிகளான லூதரும் மெலாங்க்தனும் பாடம் சொன்ன ஊர் அது. பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள், கிளம்புமுன் தங்கள் பைபிளிலோ வேறு புத்தகத்திலோ ஆசிரியர்களிடம் ஒரு வாசகம் எழுதி வாங்கினார்கள். பிறகு சக மாணவர்களிடமும் வாங்கினார்கள். புத்தகத்தின் ஓரம் போதாமல் போனபோது, அச்சிட்ட தாள்களுக்கு இடையிடையே வெற்றுத்தாள் சேர்த்துத் தைக்கச் சொன்னார்கள். இதற்கு அதிகம் பயன்பட்டது, அல்சியாட்டோ என்ற இத்தாலியச் சட்ட அறிஞர் 1531இல் முதலில் வெளியிட்ட சின்னப்படப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படமும் அதன்கீழ் சில லத்தீன் வரிகளும் அதில் இருந்ததால், எதிர்ப்பக்கத்தில் எழுதுகிறவருக்குப் பேச ஒரு பொருள் தயாராகக் கிடைத்தது. வியாபாரிகளும் விடவில்லை. லியோனில் ழான் த தூர்ன் 1550களிலேயே அலங்கார ஓரம் மட்டும் அச்சிட்டு நடுவே வெறுமையாக விட்ட ஏடுகளைப் பதிப்பித்தார். குலச்சின்னம் வரைந்துகொள்ள வெற்றுக் கேடயங்கள் அச்சிட்ட ஏடுகளும் வந்தன. லத்தீனில் இவற்றுக்கு 'ஆல்பம் அமிகோரம்' என்று பெயர். இங்கே நட்பேடு என்று வைத்துக்கொள்வோம்.

அப்படி ஒரு பக்கத்தைக் கிட்டத்தில் பார்த்தால் எழுதும் முறை விளங்கும். ஏடு பெரும்பாலும் கையடக்கமானது, அகலவாக்கில் தைத்தது, சட்டைப்பைக்குள் போகும். பக்கத்தின் மேலே ஒரு வாசகம்: லத்தீனிலோ கிரேக்கத்திலோ, படிப்பைக் காட்ட விரும்பினால் ஹீப்ருவிலோ. அதன்கீழ் ஏட்டுக்காரரின் பெயரைச் சொல்லி, நட்பின் நினைவாக எழுதியதாக ஒரு வரி. பிறகு ஊர், தேதி, கையொப்பம். வசதியுள்ளவர்கள் ஓவியருக்குப் பணம் கொடுத்துக் குலச்சின்னம் வரையவைத்தார்கள். இத்தாலியின் பதுவாவில் படித்தவர்களின் ஏடுகளில் வெனிஸ் நகரத்துப் பெண்களின் உடையும் படகும் வண்ணத்தில் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பக்கங்களின் வரிசை. முன்பக்கங்கள் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும், அடுத்தவை பேராசிரியர்களுக்கு, கடைசியில் இருப்பவை நண்பர்களுக்கு. ஏடு தேதிவாரியாக நிரம்பாது. ஒரு மாணவன் முதலில் சந்தித்த அறைத்தோழன் நூறு பக்கம் தாண்டி இருப்பான், பத்தாண்டு கழித்துச் சந்தித்த கோமகன் முதல் தாளில் இருப்பார்.

இந்த வரிசையே என் முதல் சான்று. நினைவுக்காக மட்டும் வைத்திருக்கும் ஏட்டில் அந்தஸ்துப்படி இடம் ஒதுக்கவேண்டிய தேவையில்லை. வேறு யாரோ படிக்கப்போகிறார்கள் என்றால்தான் தேவை. அந்த வேறு யாரோ, அடுத்த ஊரில் இருந்தார்கள். அன்றைய மாணவன் ஒரே இடத்தில் படித்து முடிப்பவன் அல்ல. விட்டன்பெர்க்கில் சில மாதம், ஸ்ட்ராஸ்பூர்கில் சில மாதம், பிறகு பாசல், பதுவா, 1575க்குப் பிறகு லைடன் என்று நகர்ந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு ஊரிலும் புதியவனாகப் போய் நிற்கவேண்டும். அப்போது கையில் இருந்த ஏடு, இவன் யாரோடு பழகியவன், எந்த ஆசிரியர் இவனை நல்லவன் என்று எழுதியிருக்கிறார் என்பதைச் சொன்னது. பிரியும்போது பேராசிரியர் நாலு நல்ல வார்த்தை எழுதவேண்டுமே என்பதற்காகவாவது மாணவர்கள் ஒழுங்காகப் படிப்பார்கள் என்ற பொருளில் மெலாங்க்தனே இந்த ஏடுகளை ஆதரித்திருக்கிறார்.

பிரிவுவேளையில் எழுதிய ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹென்றி வோட்டன் கதையைவிடப் பொருத்தமானது இல்லை. ஆங்கிலத் தூதராக வெனிஸுக்குப் போகும் வழியில் 1604இல் ஆக்ஸ்பூர்கில் தங்கிய அவர், அங்கே ஒருவரின் நட்பேட்டில் விளையாட்டாக ஒன்று எழுதினார்: நாட்டுக்காகப் பொய் சொல்ல வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் நல்லவரே தூதர் என்பது அதன் கருத்து. ஏழு ஆண்டு கழித்து, 1611இல், ஷோப்பே என்ற கத்தோலிக்க எழுத்தாளர் அதைத் தேடிப்பிடித்து, முதலாம் ஜேம்ஸ் மன்னரைத் தாக்கும் நூலில் அச்சிட்டுவிட்டார். மன்னரின் கோபத்தைத் தணிக்க வோட்டன் மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. நட்பேடு அந்தரங்கமான பொருளாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஏடு கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. அதில் எழுதியவர்களும் அது தெரிந்தே பேனாவைத் தொட்டார்கள். வோட்டன் ஒரு கணம் மறந்தார், அவ்வளவுதான்.

அப்படியானால் அது சிபாரிசுக் கடிதம்தானே, விடைபெறுதல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். பெரியவர்களின் கையெழுத்தைச் சேகரித்துப் பெருமையடிக்கும் ஆசை பலரிடம் இருந்தது என்பதும் உண்மைதான். அந்த ஏடுகளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பல ஏடுகளில், எழுதியவரின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் வேறு மையில், வேறு காலத்தில் ஒரு சிறு சிலுவைக்குறியும் ஓர் ஆண்டும் இருக்கும். அந்த நண்பர் இறந்த செய்தி கிடைத்ததும் ஏட்டுக்காரர் குறித்துவைத்தது அது. சிலர் இன்னார் இன்ன ஊரில் பாதிரியானார், இன்னார் வைத்தியரானார் என்றும் சேர்த்தார்கள். வேலையும் பதவியும் கிடைத்து, சிபாரிசு எதற்கும் தேவைப்படாத வயதிலும் அந்த ஏட்டைத் திறந்து, இருபது வயதில் பிரிந்தவனுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆதாயத்துக்காக மட்டும் சேர்த்தவன் இதைச் செய்யமாட்டான்.

அடுத்த ஆட்சேபம் இதைவிட வலுவானது. ஏடுகளில் எழுதியவை பெரும்பாலும் பழைய ஆசிரியர்களிடமிருந்து எடுத்த வாசகங்கள். ஆயிரம் ஏடுகளில் அதே செனெகா, அதே ஹோரேஸ். இதில் மனம் எங்கே இருக்கிறது? கடன்வாங்கிய வரியிலும் எழுதுகிறவன் தெரிவான் என்பதற்கு ஆங்கிலக் கவிஞர் மில்டன் சாட்சி. இத்தாலியப் பயணம் முடிந்து இங்கிலாந்து திரும்பும் வழியில், 1639 ஜூனில், ஜெனீவாவில் செர்தோன்யி என்ற நேப்பிள்ஸ் பிரபுவின் ஏட்டில் அவர் எழுதினார். தன் கவிநாடகம் ஒன்றின் கடைசி வரிகளை முதலில் எழுதினார். அதன்கீழ், கடல் கடந்து ஓடுகிறவர்களுக்கு வானம்தான் மாறுகிறது, மனம் மாறுவதில்லை என்று ஹோரேஸ் சொன்ன பிரபலமான வரி. ஹோரேஸ் படர்க்கையில் சொன்னதை மில்டன் தன்மைக்கு மாற்றிவிட்டார். ரோமைப் பார்த்துவிட்டும் தன் சீர்திருத்த சமயத்தில் மாறாமல் திரும்பும் ஒருவர், அதே சமயத்துக்காக ஊரைவிட்டு வந்து ஜெனீவாவில் வாழும் ஒருவருக்குச் சொல்ல நினைத்தது முழுவதும் அந்த வினைச்சொல் மாற்றத்தில் இருக்கிறது. பொதுவான வாசகங்களின் நடுவே எதைத் தேர்ந்தார்கள், எங்கே கைவைத்தார்கள் என்று பார்த்தால்தான் இந்த ஏடுகள் பேசும்.

சுமந்துபோவது ஒரு பக்கம், விட்டுப்போவது இன்னொரு பக்கம். பதுவாவின் பலாஸ்ஸோ போ கட்டடத்தில் சுவரெங்கும் மாணவர்களின் குலச்சின்னங்கள் இருக்கின்றன, சுமார் 3,000 இருக்கும். 1602இல் அங்கே பட்டம் வாங்கிய வில்லியம் ஹார்வியின் சின்னமும் உண்டு. சுவரில் இடம் இல்லாமல் போய் 1688இல் அந்த வழக்கம் தடுக்கப்பட்டது. ஜெர்மன் ஊர்களில் ஊரே பார்க்கும்படியான வழியனுப்பு ஒன்று இருந்தது. கிளம்பும் மாணவனை நண்பர்கள் குதிரையிலும் வண்டியிலும் சூழ்ந்து அடுத்த கிராமத்துச் சத்திரம்வரை கொண்டுபோய், குடித்துப் பாடி, அங்கிருந்து திரும்புவார்கள்.

1792 அக்டோபர், நவம்பரில் பான் நகரில் எழுதப்பட்ட ஓர் ஏட்டைத் தனியாகச் சொல்லவேண்டும். ஹைடனிடம் இசை பயில வியன்னாவுக்குக் கிளம்பிய பேத்தோவனுக்கு நண்பர்கள் எழுதிக்கொடுத்தது அது. அதில் வால்ட்ஸ்டைன் கோமகன் அக்டோபர் 29 தேதியிட்டு எழுதிய பக்கம், முந்தின ஆண்டு இறந்துபோன மோட்சார்ட்டைக் குறிப்பிட்டு, உழைத்தால் அவருடைய ஆன்மா ஹைடனின் கைவழியே உனக்குக் கிடைக்கும் என்கிறது. இது அன்பா, சிபாரிசா என்று பிரிக்கவே முடியாது. ஒரு பிரபு தன் பெயரை வைத்து, இன்னும் உலகம் அறியாத இருபத்தொரு வயதுக்காரனுக்காக அந்நிய ஊரிடம் சொல்லும் வாக்குறுதி அது. படிப்பு முடிந்ததும் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1794இல் பிரெஞ்சுப் படை பானைக் கைப்பற்றியது, அவரை அனுப்பிய அரசவையே கலைந்தது. பேத்தோவன் பானுக்குத் திரும்பவே இல்லை.

அந்த நூற்றாண்டின் முடிவிலேயே வழக்கம் உருமாறத் தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் கெட்டிங்கனில் ஊர்க்காட்சிகள் அச்சிட்ட தனித்தாள்கள் விற்பனைக்கு வந்தன. நண்பர்கள் எழுதிக்கொடுத்ததும் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொள்ளலாம். தைத்த ஏட்டிலிருந்த முன்பின் வரிசை போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தேர்வுச் சான்றிதழும் முத்திரையிட்ட தாளும் சிபாரிசு வேலையை எடுத்துக்கொண்டன. பல்கலைக்கழகத்தை விட்டு ஏடு பள்ளிச் சிறுமிகளின் கைக்குப் போனது. ஆங்கிலேயர் வழியாக நம் ஊருக்கு வந்த ஆட்டோகிராஃப் நோட்டு இதன் தூரத்துக் கிளை. பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி வாரத்தில் வண்ணத்தாள்களில் எழுதி வாங்கிய பல்லாயிரம் பேரின் நினைவைத் தொட்டுத்தான் சேரனின் 'ஆட்டோகிராஃப்' 2004இல் அவ்வளவு பேரை அழவைத்தது.

வேலைச்சுமை இறங்கியதால் தூய அன்பு மட்டும் மிஞ்சியது, இது வளர்ச்சிதானே என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அடுத்த ஊர்க்காரன் படிப்பான் என்று தெரிந்து எழுதியவன், இந்த மனிதனைப் பற்றி நான் எதற்குப் பொறுப்பேற்கிறேன் என்று யோசிக்கவேண்டியிருந்தது. யாரும் படிக்காத பக்கத்தில் மறக்காதே, எப்போதும் சிரித்துக்கொண்டிரு என்று யாருக்கும் எழுதலாம், எழுதினோம். ஃபோனில் எல்லோரும் தொடர்பில் இருக்கும் காலத்தில் பிரிவே கிடையாது, ஏடு எதற்கு என்ற கேள்விக்கும் இதையே சொல்வேன். எண் கையில் இருப்பதும் ஒருவர் நம்மைப் பற்றி யோசித்து ஒரு வரி தேர்ந்தெடுத்திருப்பதும் வேறு வேறு.

இன்று எர்லாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் இந்த ஏடுகளுக்கு ஒரு பெரிய தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். போரிலும் தீயிலும் பல பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பதிவேடுகள் அழிந்த நிலையில், ஒரு மாணவன் எந்த மாதம் எந்த ஊரில் யாரோடு இருந்தான் என்பதை ஆய்வாளர்கள் இந்தப் பக்கங்களின் ஊர்ப்பெயரையும் தேதியையும் கோத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.