பிரம்ம கமலம் (வீட்டுக் கள்ளி)

முள் இல்லாத, மரக்கிளைகளில் தொற்றி வளரும் காட்டுக் கள்ளி. அறிவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம். தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். தமிழ்நாட்டில் இதைப் பிரம்ம கமலம் என்கிறார்கள். உண்மையில் அப்பெயர் இமயமலையில் வளரும் வேறொரு செடிக்கு உரியது.

இலைபோல் தெரிவது தட்டையான தண்டு. அதன் ஓரப் பள்ளத்தில் அரும்பு கட்டும். தொங்கும் அரும்பு, மலரும் நாள் நெருங்க அன்னத்தின் கழுத்தைப்போல் மேல்நோக்கி வளையும். இருட்டியபின் மெல்ல விரியும் வெண்மலர், வீடு முழுக்க மணந்து, விடியலில் துவண்டுவிடும்.

பாலைவனக் கள்ளி என்றெண்ணி வெயிலில் காயப்போடுவதே பலர் செய்யும் தவறு. காலை இளவெயிலும் பிறகு நிழலும் போதும். தென்னைநார்த் தூள், இலைமக்கு, ஆற்றுமணல் கலந்த பொலபொலப்பான மண் ஏற்றது. மேல்மண் காய்ந்தபின் நீர் விடலாம். தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். தழைச்சத்து மிகுந்தால் தண்டுதான் நீளும், பூக்காது.

புதுச் செடி வளர்க்க, ஒரு சாண் தண்டை வெட்டி, வெட்டுவாய் உலர ஒரு வாரம் நிழலில் வைத்து நடவேண்டும். அரும்பு கட்டியபின் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், அரும்புகள் உதிரக்கூடும்.