இதயப் பக்கப்பை அடைப்பின் வரலாறும் சேர்வராயன் மலை நோயாளியும்

இதயத்தின் இடது மேலறையை ஒட்டி விரல் போல நீண்டிருக்கும் சிறு பக்கப்பை, அறுவை மருத்துவத்தின் வரலாற்றில் முதலில் மருத்துவரின் விரல் உள்ளே நுழையும் வழியாகவும், பின்னர் அடைத்து ஒதுக்க வேண்டிய இடமாகவும் கருதப்பட்டது. இவ்விரண்டு பார்வைகளும் மைட்ரல் வால்வு அறுவை என்ற ஒரே களத்தில் வளர்ந்தவை.

குழந்தைப் பருவத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் வந்த சிலருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே இதய வால்வுகளைத் தாக்குவதை ருமாட்டிக் காய்ச்சல் என்பர். அதனால் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் இதழ்கள் காலப்போக்கில் ஒட்டி, வழி குறுகி, மேலறை வீங்கி, சீராகச் சுருங்கும் திறனை இழந்து வெறுமனே நடுங்கத் தொடங்குகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இந்நிலையில் பக்கப்பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி பெயர்ந்து மூளையின் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும்.

லண்டனில் ஹென்றி சூட்டர் 1925இல் இப்பையை வெட்டித் திறந்து விரலை நுழைத்துக் குறுகிய வால்வைத் தொட்டு விரித்தார். ஆயினும் அம்முறை 1948இல் ஃபிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி வெற்றி கண்ட பிறகே பரவியது. அதே 1948இல் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். இதய நுரையீரல் இயந்திரம் இல்லாமலே, துடிக்கும் இதயத்தில் விரலால் வால்வை விரிக்கும் இச்சிகிச்சை ஏழை நோயாளிகளுக்குப் பெரும் கொடையாக அமைந்தது. ஸ்டான்லி ஜானும் உடன் பணியாற்றியோரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, வேலூரில் இம்முறையில் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் நிலையை விவரிக்கிறது. விரலை நுழைக்கும் முன் பையில் உறைகட்டி இருந்தால் அது ரத்தத்தோடு வெளியே பீறிட்டு வரும்படி விடுவதும், பணி முடிந்ததும் பையைக் கட்டிவிடுவதும் அக்கால வழக்கங்கள். உறைகட்டிகள் பெயர்ந்து குழாய்களை அடைப்பதைத் தடுக்கவே பையை அகற்றும் முயற்சியையும் 1949இல் ஜான் மேடன் என்ற அமெரிக்கர் அறிவித்திருந்தார்.

மார்பைத் திறக்காமல், தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்திப் பையின் வாயில் ஒரு சாதனத்தைப் பொருத்தும் முறை 2001இல் ஜெர்மனியில் ஹார்ஸ்ட் சீவர்ட்டின் கைகளில் தொடங்கியது. வாட்ச்மேன் என்ற சாதனத்தை 707 பேரிடம் சோதித்து 2009இல் வெளிவந்த ஆய்வில், பக்கவாதத்தையும் இதயநோய் மரணத்தையும் தடுப்பதில் அது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்துக்குக் குறைந்ததாக இல்லை என்றாலும், பொருத்தும்போது இதய உறைக்குள் ரத்தம் கசிவது போன்ற இடர்கள் கூடுதலாகவே இருந்தன. வேறு காரணத்துக்கான இதய அறுவையின்போதே பையை அடைத்த 2021ஆம் ஆண்டு ஆய்வில், பக்கவாதமோ பிற உறுப்புக் குழாய் அடைப்போ நேர்ந்தோர் பையை அடைக்காதவர்களில் 7.0 விழுக்காடு, அடைத்தவர்களில் 4.8 விழுக்காடு. ஆனால் பை அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தையும் தொடர்ந்தனர்.

சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையில், சாதனத்துக்கும் மருந்துக்கும் இடையிலான இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த நாள் முதல் தோட்டங்கள் பெருகிய இம்மலையில், மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் மலைமேலுள்ள ஏற்காடு நகருக்கு அப்பாலும் சிதறிக் கிடக்கின்றன. வார்ஃபரின் உண்பவருக்கு ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனை அடிக்கடி தேவை. உண்ணும் கீரையின் அளவு திடீரென மாறினாலும், அதிலுள்ள வைட்டமின் கே காரணமாக மருந்தின் வீரியம் மாறிவிடும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியோ பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது; அதற்குள் நோயாளி 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் சேர வேண்டும். மருந்தின் தேவையைக் குறைக்கும் எந்த முறையும் இங்கே இருமடங்கு மதிப்புடையது.

ஆயினும் சாதன ஆய்வுகள் ருமாட்டிக் வால்வுக் குறுக்கம் உடையோரைச் சேர்க்கவில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு: வால்வு நோயற்றோரிடம் காணப்பட்ட உறைகட்டிகளில் 91 விழுக்காடு பக்கப்பையில் இருந்தன என்று 1996இல் தொகுத்துரைத்த மருத்துவர்கள், ருமாட்டிக் நோயாளிகளிடம் அது 57 விழுக்காடே என்றும் கண்டனர். எஞ்சியவை மேலறையின் உடலிலேயே உருவாவதால், பையை மட்டும் அடைத்தால் போதாது. ஐ.என்.ஆர். சோதனை வேண்டாத புதிய மாத்திரையான ரிவராக்சபானை இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் இன்விக்டஸ் ஆய்விலும் பழைய வார்ஃபரின் வகை மருந்துகளே மேலாக நின்றன. எனவே, வால்வு குறுகிய மலைவாழ் நோயாளிக்கு இன்று தேவைப்படுவது சாதனத்தைவிட, ஐ.என்.ஆர். சோதனையை ஏற்காட்டிலேயே தவறாமல் செய்து தரும் ஏற்பாடே.